எங்கட குடும்பம் குறூப்: வானுக்குள்ள மூண்டு நாள்

வெள்ளி

சின்னக்கா: எல்லாருக்கும் காலை வணக்கம், நாங்கள் வெளிக்கிட்டாச்சு. இவர் டொல்பின் வான்ர பின் சீற் எல்லாத்தையும் கழட்டிப்போட்டு பலகை அடிச்சு மெத்தை போட்டுத் தந்திருக்கிறார், பலகைக்குக் கீழ காஸ் அடுப்பு, தண்ணிக் கான், அரிசி பருப்பு, என்ர தையல் பெட்டி, எங்கட நாய் ஜிம்மின்ர சாப்பாட்டுச் சட்டி. மூண்டு நாளைக்கு வீடு இதுதான்

லண்டன் அண்ணா: இங்கத்த காரவன் மாதிரியே செய்துபோட்டியள். இங்க சனம் காருக்குப் பின்னால காரவனைக் கொழுவி இழுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போகும், நாயும் கூடவே போகும். காரவன் இழுத்துக்கொண்டு மோட்டர்வேயில 60 மைலுக்கு மேல ஓடேலாது எண்டு சட்டம், அதால எல்லாரும் ஆறுதலாத்தான் போவினம்

சின்னக்கா: நாங்கள் மணிக்கு 40 கிலோமீற்றருக்கு மேல ஓடுறேல்ல எண்டு முடிவெடுத்திருக்கு அண்ணா. கிளிநொச்சியில இருந்து பரந்தன் புதுக்குடியிருப்பு ரோட்டால போனா முல்லைத்தீவு கிட்ட, ஆனா போகேக்க ஏ9ஆல மாங்குளம் போய் ஒட்டுசுட்டானால சுத்தித்தான் போறம்

தம்பி: அக்கா ஜிம்மிக்கு விசர்நாய் ஊசி போட்டாச்சோ. அந்த அட்டையையும் கொண்டுபோங்கோ. குளத்துக்கரையில சங்கிலி கழட்ட வேண்டாம், இரணைமடுவில முதலை இருக்கு, நாய் எண்டா அதுக்கு நல்ல விருப்பம். பூட்டின வானுக்குள்ள ஜிம்மியைத் தனிய விட்டிட்டு இறங்கவும் கூடாது, இந்த வெயிலுக்கு பத்து நிமிசம் காணும்

சின்னக்கா: ஓமடா, ஒராள் இறங்கினா ஒராள் அவனோட நிப்பம். ஊசியும் போட்டாச்சு, உண்ணிக்கு மருந்தும் போட்டாச்சு

வெள்ளி மத்தியானம்

சின்னக்கா: இரணைமடுக் குளக்கட்டில நிக்கிறம். இத்தனை வருசம் கிளிநொச்சியில இருந்தும் இந்தக் கட்டில ரெண்டு மணித்தியாலம் ஒரு இடத்தில இருந்தது இண்டைக்குத்தான். சிறுபோகத்துக்குத் தண்ணி திறந்து விட்டிருக்கு, வாய்க்கால்ல ஓடுற சத்தம் வானுக்குள்ள படுத்திருக்கவே கேக்குது. தோணிக்காரர் ஜப்பான் மீன் கொண்டு வந்தவை, ரெண்டு வாங்கி ஒண்டு பொரிச்சு ஒண்டு குழம்பு. தலை ரெண்டும் முள்ளெடுத்து ஜிம்மிக்கு

மன்னார் மச்சாள்: என்ன தைக்கிறீங்கள் மச்சாள், படம் போடுங்கோ

சின்னக்கா: அப்பான்ர பழைய வேட்டியில ஒரு துண்டு வெட்டி வச்சிருந்தனான், நல்லாத் தோய்ஞ்சு தோய்ஞ்சு மெத்தெண்ட துணி, ஊசி அப்பிடியே இறங்குது. நிக்கிற இடம் ஒவ்வொண்டுக்கும் ஒரு சின்னப் படம், உள்ளங்கை அளவுக்கு மேல இல்லை. இரணைமடுவுக்கு ஒரு கொக்கு, ஒற்றைக் காலில நிக்கிறது. காலுக்குக் காம்புத்தையல், உடம்புக்கு சங்கிலித்தையல். அந்தப் படம் முடியிற வரைக்கும் அந்த இடத்தை விட்டு வெளிக்கிடுறேல்ல எண்டு இவரோட ஒப்பந்தம்

மன்னார் மச்சாள்: அது நல்ல யோசினை. எத்தினை இழையில தைக்கிறீங்கள்

சின்னக்கா: அங்கர் நூல் ஆறு இழை தானே, ரெண்டு ரெண்டாப் பிரிக்கிறன். ஒருமிக்க இழுத்தா சிக்குப்படும், ஒரு இழையை மட்டும் பிடிச்சு மற்றதைச் சுருங்க விட்டு மெல்ல இழுத்து எடுத்தா வரும். கை வேர்க்குது, பவுடர் பூசிப்போட்டுத்தான் தொடுறன், வெள்ளைத் துணி

சின்னக்கா: பின்னேரம் முறிகண்டிப் பிள்ளையாரடியில நிண்டனாங்கள். நான் தேங்காய் உடைச்சிட்டு வர இவர் ஜிம்மியோட றோட்டுக்கரையில, பிறகு இவர் போய்க் கும்பிட்டவர். ரெண்டாவது படம் அங்க விக்கிற கச்சான் கடலைச் சரை. பேப்பர்ச் சரையில அந்த மடிப்புக் கோடு வாறதுக்கு ஒரு இழையில ஓட்டத்தையல் போட்டன், சரியா வந்திருக்கு, எனக்கே பாக்கப் பாக்க ஆசையா இருக்கு

நெடுங்கேணி மாமி: பிள்ளை இரவுக்கு எங்க படுக்கப் போறியள். காட்டுக்கரையில நிப்பாட்டாதேங்கோ, ஒட்டுசுட்டான் பக்கம் யானை வரும்

சின்னக்கா: இல்லை மாமி, மாங்குளத்தில இவற்ற சிநேகிதன்ர வீட்டு வளவுக்குள்ள வானை விட்டிருக்கு. கிணத்தடியில குளிச்சுப்போட்டுப் படுத்திருக்கிறம். ஜிம்மி காலடியில

சனி

சின்னக்கா: ஒட்டுசுட்டான். சிவன் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி மர நிழல்ல வானை விட்டு பக்கத்தில தறப்பாள் இழுத்துக் கட்டியிருக்கு. தறப்பாள் எண்டு சொன்னாலே சண்டைக் காலத்தில இடம்பெயர்ந்து அதுக்குக் கீழ இருந்தது ஞாபகம் வந்து எனக்கு நெஞ்சுக்குள்ள என்னமோ செய்யும், உங்கள் எல்லாருக்கும் தெரியும். நேற்று கடையில வாங்கேக்கயும் கை வைக்க மனம் வரேல்ல. இண்டைக்கு நிழலுக்கு எண்டு கட்டி அதுக்குக் கீழ பாயைப் போட்டு தேத்தண்ணியும் வச்சுக்கொண்டு இருக்கேக்க, இதுவும் ஒரு தறப்பாள்தான் எண்டு இருந்துது

அம்மா (குரல் பதிவு, தம்பி எழுதினது): நல்லது பிள்ளை. ஆறுதலா இருந்திட்டு வாங்கோ. ஒருத்தரும் அவசரப்படுத்த மாட்டினம்

நெடுங்கேணி மாமி: ஒட்டுசுட்டான் எண்டு பேர் வந்தது தெரியுமோ. குரக்கன் வெட்டின பிறகு நிக்கிற தாள், அந்த ஒட்டுக்கு நெருப்பு வச்ச இடத்திலதான் லிங்கம் கண்டது எண்டு சொல்லுவினம், தான்தோன்றி ஈஸ்வரர். ஒட்டுச் சுட்ட இடம் ஒட்டுசுட்டான். எங்கட ஐயா கூடார வண்டில்ல கூட்டிக்கொண்டு வந்து காட்டினவர்

சின்னக்கா: மாமி நல்ல நேரம் சொன்னீங்கள், என்ன தைக்கிறது எண்டு தெரியாமல் இருந்தனான். குரக்கன் கதிர் தைக்கிறன்

சின்னக்கா: முடிச்சாச்சு. கதிர் கை விரல் மாதிரி அஞ்சா விரிஞ்சு நிக்கும் தானே, அந்த மணி எல்லாத்துக்கும் பிரெஞ்சு முடிச்சு. ஊசியில நூலை ரெண்டு சுத்துச் சுத்தி, இடது கைப் பெருவிரலால நூலை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு, வந்த ஓட்டைக்கு ஒரு நூல் தள்ளி ஊசியை இறக்கோணும், அதே ஓட்டையில இறக்கினா முடிச்சு உள்ளுக்குப் போயிடும். ஒரு விரலுக்கு பதினெட்டு முடிச்சு. ரெண்டரை மணித்தியாலம் போட்டுது. அதுக்கிடையில பாலைப்பழம் விக்கிற ஒரு அம்மா வந்து பக்கத்தில குந்தி இருந்து கதைச்சவ, எந்தக் காட்டில பிடுங்கினது, இந்த முறை காய்ப்பு எப்பிடி எண்டு. வாகனத்தில பறந்து போயிருந்தா சில்லறையைக் குடுத்திட்டுப் போயிருப்பம். பழம் வாயெல்லாம் பிசின், தேன் மாதிரி

லண்டன் அண்ணா: பாலைப்பழம்... இஞ்ச எந்தக் கடையிலயும் கிடையாது. சாப்பிட்டு இருவது வருசத்துக்கு மேல

தம்பி: ஜிம்மிக்கு நிறைய குடுக்க வேண்டாம் அக்கா, கொட்டையை விழுங்கிப்போடுவான்

சனி பின்னேரம்

சின்னக்கா: தண்ணீரூற்றில குளிச்சு, வற்றாப்பளைக் கண்ணகி அம்மனையும் கும்பிட்டிட்டு இப்ப முல்லைத்தீவுக் கடற்கரை. வற்றாப்பளையில விளக்கு ஒண்டு தைச்சனான், திரிக்கு செம்மஞ்சள் ஒரு இழை

அம்மா (குரல் பதிவு, தம்பி எழுதினது): அந்த விளக்கு வைகாசிப் பொங்கலுக்கு உப்புத் தண்ணியில எரியிற விளக்கு. மாடு மேய்ச்ச பொடியளிட்ட கிழவி வேசத்தில வந்து, எண்ணெய் இல்லாட்டி கடல் தண்ணியை ஊத்தி எரி எண்டு சொன்னவ. மதுரையை எரிச்சுப்போட்டு வந்த கோவம் தணிய பத்து இடத்தில தங்கித் தங்கித்தான் அவ வந்தவ. பத்தாவதாத் தங்கின பளைதான் வற்றாப்பளை. நீங்களும் தங்கித் தங்கித்தானே போறியள், அம்மன் வந்த மாதிரி

சின்னக்கா: அம்மா இதைக் கேட்டிட்டு இவர் வானை நிப்பாட்டிப்போட்டு திரும்பவும் ஒருக்காக் கேட்டவர்

சின்னக்கா: எல்லாரும் இருக்கிறியளோ. ஒரு ஊசி காணேல்ல. சிவப்பு நூல் கோர்த்தது. சொதியைக் கிண்டிவிட எழும்பேக்க தலையணையில குத்தினனான், திரும்பி வந்து பாக்க இல்லை. ஜிம்மி மெத்தையில படுத்திருந்தவன். எனக்கு கை கால் நடுங்குது

தம்பி: பதறாதேங்கோ. அத்தானை அவன்ர வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்குக் கீழ டோர்ச் அடிச்சுப் பாருங்கோ, நூல் அங்கதான் சுத்திக்கொள்ளும். நூல் தொங்கினா இழுக்கவே இழுக்காதேங்கோ, உள்ளுக்குக் குடலை அறுத்துப்போடும். சாப்பாடு ஒண்டும் குடுக்காதேங்கோ. துப்பிறானோ, சத்தி எடுக்கிறானோ

சின்னக்கா: வாய்க்குள்ள ஒண்டும் இல்லை. வாலாட்டுறான். சத்தி இல்லை

தம்பி: அப்ப மெத்தையைத் தேடுங்கோ. ரேடியோ ஸ்பீக்கர்ல இருக்கிற காந்தம் ஏதும் இருக்கோ

சின்னக்கா: இவர் வான்ர பழைய ஸ்பீக்கரைக் கழட்டுறார்

மன்னார் மச்சாள்: அந்தோனியாரை நேர்ந்துகொண்டு தேடுங்கோ மச்சாள், காணாமப் போனது எல்லாம் எடுத்துத் தருவார்

நெடுங்கேணி மாமி: பிள்ளை என்னாச்சு

சின்னக்கா: கிடைச்சிட்டுது!! மெத்தைக்கும் பலகைக்கும் இடையில. காந்தத்தைப் பிடிச்சுக்கொண்டு ஓரத்தால போகேக்க டிக் எண்டு ஒரு சத்தம். நூலும் முழுசா அப்பிடியே இருக்கு. நான் ஜிம்மியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு அழுதிட்டன், அவன் முகமெல்லாம் நக்குறான். சொதி அடிப்பிடிச்சிட்டுது, பரவாயில்லை, பாணோட சாப்பிடுவம்

தம்பி: நல்லது. இனி ஊசி எண்ணி எடுத்து எண்ணி வையுங்கோ

மன்னார் மச்சாள்: மூடி இறுக்கமான ரின் ஒண்டு எடுங்கோ, உள்ளுக்கு கம்பளித்துண்டு வச்சு அதில குத்துங்கோ. கடல் காத்துக்கு ஊசி ஒரே இரவில துருப்பிடிக்கும், துரு வெள்ளைத்துணியில பட்டா லேசில போகாது. மெசின் எண்ணெய் ஒரு துளி அந்தக் கம்பளியில விட்டா காணும், தைக்க முன்னம் துடைச்சிட்டுத் தையுங்கோ. நான் பேசாலையில இருந்தே இப்பிடித்தான்

சின்னக்கா: இப்பவே ரின் எடுத்தாச்சு. மூண்டு ஊசி. எண்ணி மூடியாச்சு

ஞாயிறு

சின்னக்கா: விடிய அஞ்சரைக்கு எழும்பி வான் கதவைத் திறந்தா கடல். இந்த மாதத்தில கிழக்குக் கடல் நல்ல அமைதி. கரைவலை இழுக்கிறவை ஏலேலோ சொல்லி இழுக்கினம், ஜிம்மி ஈர மணலில நண்டு கலைக்கிறான், சுடுமணல் ஆக முன்னம் ஓடி முடிக்கட்டும் எண்டு விட்டிருக்கு. நான் கதவடியில காலைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு படகு தைக்கிறன். சொல்லத் தெரியேல்ல எனக்கு. இந்தக் கடலை இப்பிடி இருந்து பாக்க இவ்வளவு காலம் எடுத்திருக்கு

லண்டன் அண்ணா: வாசிக்க கண் நிறையுது. தை, ஆறுதலாத் தை

சின்னக்கா: திரும்பி வாறது வட்டுவாகல் பாலத்தால, சண்டை முடியேக்க சனம் கடந்து வந்த பாலம். பாலத்தில நிப்பாட்டினம். பொடியள் வீச்சுவலை எறியினம், நந்திக்கடல் இறால் ஒரு கிலோ வாங்கினன். கொஞ்ச நேரம் இறங்கி நிண்டிட்டு வந்தனாங்கள். அங்க ஒண்டும் தைக்கேல்ல

அம்மா (குரல் பதிவு, தம்பி எழுதினது): ஓம் பிள்ளை

நெடுங்கேணி மாமி: அடுத்தது எங்கயெண்டு சொல்லுங்கோ, நானும் வாறன். ஆவணித் திருநாளுக்கு மடு மாதா கோயிலுக்குப் போவமே. முந்தி சனம் கூடாரம் அடிச்சு அந்தக் காட்டுக்குள்ள கிழமைக் கணக்கில சமைச்சுச் சாப்பிட்டு இருக்கும், சைவம் கிறிஸ்தவம் எண்டு இல்லை

மன்னார் மச்சாள்: மடுவுக்கு எண்டா நான் அங்க வந்து நிப்பன் மாமி. நீல நூல் நான் கொண்டாறன், மாதாவின்ர நீலம் எல்லாக் கடையிலயும் சரியா எடுக்கேலாது

சின்னக்கா: துணியில கீழ் மூலையில கொஞ்ச இடம் மிச்சம் இருக்கு. அம்மா, மடுப்படம் நீங்கள் தைக்கிறியளோ. சங்கிலித்தையல் நீங்கள் பழக்கினதுதானே எனக்கு

அம்மா (குரல் பதிவு, தம்பி எழுதினது): கை இன்னும் போகும். கண்தான் ஊசிக் காதைப் பிடிக்குதில்லை. நூல் கோர்த்துத் தந்தா தைப்பன்

சின்னக்கா: பத்து ஊசியில கோர்த்து ரின்னுக்குள்ள குத்தி வைக்கிறன் அம்மா. எண்ணித் தருவன், எண்ணி வாங்குவன், ஜிம்மியும் வருவான்