மறு: டின்னிட்டஸுக்குத் தரும் ஒலி – ‘மறைப்பொலி’ சரிதானா?

ஐயா, வணக்கம்.

> டின்னிட்டஸ் – காதிரைச்சல். அதற்குக் கேட்க வைக்கும் ஒலி – மறைப்பொலி. இவ்விரண்டையும் முடிவு செய்துவிடலாம்.

வெளியே ஒலி எதுவும் இல்லாமலே காதில் சத்தம் கேட்பதுதான் டின்னிட்டஸ். நோயாளிக்கான கையேட்டுக்கு நாம் தேடும் தமிழ்ச் சொற்களில், மேலே நீங்கள் சொன்ன முதல் சொல்லை அப்படியே ஏற்கிறேன். செவித்திறன் சோதனைக்கு எங்களிடம் வருபவர்கள் “காது இரையுது”, “உள்ள குய்ங்குன்னு கேட்டுக்கிட்டே இருக்கு” என்றுதான் சொல்கிறார்கள். நம் உரையாடலில் ஒருவர் ‘செவி ரீங்காரம்’ என்றார். அழகான சொல்தான், ஆனால் தூக்கத்தைக் கெடுக்கும் சத்தத்துக்கு ரீங்காரத்தின் இனிமை ஒட்டவில்லை.

‘மறைப்பொலி’தான் இடிக்கிறது. 1970களில் அது சரியான பெயராக இருந்தது. அமெரிக்காவின் போர்ட்லந்து நகரில் காதிரைச்சலால் அவதிப்பட்ட மருத்துவர் ஒருவர், ஆய்வாளர் ஜாக் வெர்னனுடன் ஒரு நீரூற்றின் அருகே நின்றபோது, தண்ணீர்ச் சத்தத்தில் தன் காதுச் சத்தம் கேட்காமல் போனதைக் கவனித்தார். காதில் அணியும் ஒலிக்கருவியை வெர்னன் உருவாக்கத் தூண்டுதல் அதுதான். அந்தக் கருவியின் வேலையே மறைப்பது.

1990இல் ஜாஸ்ட்ரபாஃப் என்ற காதிரைச்சல் ஆய்வாளர் முன்வைத்த விளக்கம் வேறு. காதுச் சத்தத்தை மூளை ஆபத்தின் அறிகுறியாக எடுத்துக்கொள்வதால்தான் துயரம் வளர்கிறது. அது பொருட்படுத்த வேண்டாத சத்தம் என்று மூளை பழக வேண்டும். பழக வேண்டுமென்றால் அது காதில் விழ வேண்டுமே! அதனால் வெளியொலியைக் காதிரைச்சலைவிடச் சற்றுத் தாழ்வாக, இரண்டும் சேர்ந்து கேட்கும் அளவில் வைக்கிறார்கள். இதையும் மறைப்பொலி என்றால், படிப்பவர் உள்சத்தம் மறையும்வரை ஒலியைக் கூட்டுவார். பழகவும் வழியில்லை, அளவு மீறினால் கேட்கும் திறனுக்கும் கேடு.

எனவே என் பரிந்துரை: துணையொலி. முழுக்க மூடும் முறைக்கு மட்டும் மறைப்பொலி இருக்கட்டும். மின்விசிறி ஓடும்வரை நிம்மதியாகத் தூங்குபவர், கரண்ட் போய் விசிறி நின்றதும் காதில் ஊளையோடு விழித்துக்கொள்வார். விசிறியின் சத்தம் அவருக்குத் துணையொலிதான். மெல்லிய மழைச் சத்தம், கடலலைப் பதிவு எல்லாமே இதில் அடங்கும். கேட்கும் திறன் குறைந்தவருக்கு, சுற்றுப்புற ஒலிகளை மீட்டுத்தரும் செவித்துணைக் கருவியே பல நேரம் முதல் வழி. ‘துணை’ அங்கே ஏற்கெனவே புழங்குவது இன்னொரு வசதி.

அப்புறம், எல்லா அதிர்வெண்களும் சம அளவில் கலந்த ‘ஸ்ஸ்’ என்ற ஒலியை (white noise) பொறியியலில் ‘வெண்ணிரைச்சல்’ என்று எழுதுகிறோம். நோயாளிக்கான கையேட்டில் அதைப் போட்டால் “இரைச்சலுக்கு மருந்து இரைச்சலா?” என்று கேட்பார்கள். மருத்துவத்தில் வெண்ணொலி என்றே வைத்துக்கொள்ளலாம்.

‘ஒலிச்சிகிச்சை’ என்ற பொதுப்பெயர் முழுக் குணத்தை உறுதி கூறுவதுபோல் ஒலிக்கிறது என்ற கவலை எனக்கும் உண்டு. அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், உண்மைக் கருவி, போலிக் கருவி, வழக்கமான கவனிப்பு என்ற மூன்று பிரிவினருக்கும் துயரம் குறைந்தது. பிரிவுகளுக்கிடையே பெரிய வேறுபாடு தெரியவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2018 தொகுப்பாய்வும் ஒலிக்கருவியின் மேன்மைக்குச் சான்று காணவில்லை. ஆனாலும் சொல் புழக்கத்துக்கு வந்துவிட்டது, மாற்ற வேண்டாம். விளக்கத்தில் ‘துயரைத் தணிக்கும் முயற்சி’ என்று எழுதுவோம். ஒரு காதில் மட்டும் கேட்டாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தாலோ முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதும் அந்த விளக்கத்தில் கட்டாயம் வேண்டும்.

மிச்சம் இருப்பது, மூளை அந்தச் சத்தத்தைப் பொருட்படுத்தாமல் போகும் நிலைக்கான சொல். ‘பழகிப்போதல்’ மக்கள் வாயில் இருப்பது, ஆனால் வேறு வழியில்லாமல் சகித்துக்கொள்வது என்ற தொனி வருகிறது. ‘பழகித் தணிதல்’ என்று எழுதிப் பார்த்தேன். பெயர்ச்சொல்லாக ஆளும்போது கொஞ்சம் நீளம். இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால், கையேடு அச்சுக்குப் போகும் முன் சொல்லுங்கள்.