பருவத்தைத் தள்ளிவைக்கும் மருந்து: பிரிட்டன் விதித்த தடை சரிதானா?

செம்பருதி:
18 வயது நிரம்பாத திருநர்களுக்குப் பூப்பைத் தள்ளிவைக்கும் மருந்தைப் புதிதாக எழுதித் தருவதற்கு, பிரிட்டன் அரசு 2024 டிசம்பரில் காலவரையறையற்ற தடை விதித்ததை நான் ஆதரிக்கிறேன். குழந்தைநல மருத்துவர் ஹிலாரி காஸ் அவ்வாண்டு ஏப்ரலில் அளித்த அறிக்கைக்காக யார்க் பல்கலைக்கழகத்தார் வெளிவந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி மதிப்பிட்டபோது, இம்மருந்து மனத்துயரைத் தணிக்கிறது என்று சொல்லுமளவுக்கு வலுவான சான்று தேறவில்லை. எலும்பு உரம்பெற வேண்டிய வயதில் நம்பிக்கையை மட்டும் வைத்து ஊசி போடலாமா?

காவிரிக்கரையான்:
அதே அறிக்கை முழுத் தடையைக் கேட்கவில்லையே. ஆய்வுத் திட்டத்துக்கு உட்பட்டுக் கொடுங்கள் என்றுதான் காஸ் எழுதினார். தாம் உணரும் பாலினத்தின் உடல்மாற்றங்களைத் தரும் எதிர்பாலின ஹார்மோனை 16 வயதிலிருந்து தருவதற்கும், மிகுந்த எச்சரிக்கையோடு, இடம் விட்டார். ஆறேழு வயதிலேயே பூப்புத் தொடங்கிவிடும் குழந்தைகளுக்கு இதே மருந்து இன்றும் தரப்படுகிறது.

செம்பருதி:
அந்தக் குழந்தைகள் மருந்தை நிறுத்தியதும் உரிய வயதில் இயல்பாகப் பூப்பெய்துகிறார்கள். சிறாரின் பாலின அடையாளச் சிக்கல்களுக்கான லண்டன் டாவிஸ்டாக் மருத்துவகத்தின் ஆய்விலோ, மருந்து தொடங்கிய 44 பேரில் 43 பேர் எதிர்பாலின ஹார்மோனுக்குச் சென்றார்கள். யோசிக்க அவகாசம் தரும் மருந்து என்றார்கள். யோசித்துத் திரும்பியவர் ஒரே ஒருவர்.

காவிரிக்கரையான்:
மருந்தே அவர்களை அந்த வழியில் தள்ளியது என்றும் கொள்ளலாம், மருத்துவர்கள் சரியானவர்களையே தேர்ந்தார்கள் என்றும் கொள்ளலாம். எது உண்மை என்பதை அந்த எண் சொல்லாது. காத்திருப்பதில் மட்டும் இழப்பில்லையா? மகரக்கட்டு உடைந்து, தாடி முளைத்த பிறகு ஒரு திருநங்கைக்கு எந்த ஹார்மோனும் பழைய குரலைத் திருப்பித் தராது. பிள்ளை சம்மதிக்கத் தக்கவரா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் மருத்துவர்களே, நீதிமன்றமல்ல என்று இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021இல் சொன்னது. தடை விதித்த சுகாதார அமைச்சர் அந்த முடிவையே பறித்துக்கொண்டார்.

தறி:
நான் ஆண், பெண் இரண்டிலும் அடங்காதவர். டாவிஸ்டாக்குக்கு வந்த பரிந்துரைகள் பத்தாண்டில் 250க்கும் குறைவிலிருந்து 5,000க்கு மேல் ஏறின. முதல் சந்திப்புக்கே ஈராண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். பதினான்கு வயதில் பெயர் கொடுத்தவருக்கு அதற்குள் பூப்பு முடிந்தே போயிருக்கும். நீங்கள் இருவரும் வாதாடுவது, பெரும்பாலோர் கண்ணாலும் காணாத மருந்தைப் பற்றி.

செம்பருதி:
வரிசையைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். உளவியலாளரைப் பார்க்கவும் ஈராண்டு என்பது கொடுமைதான். ஆனால் வரிசை நீண்டது என்பதற்காக ஊசி பாதுகாப்பானதாகிவிடாது.