டி.என்.ஏ. இழைகளால் ஏழூர்க் கணக்கைத் தீர்க்க இயலுமா?

கேள்வி – முதுநிலைக் கணினி அறிவியல் மாணவி, திருவையாறு
1994இல் கணினி அறிவியலாளர் லெனார்ட் ஏடில்மன் ஹாமில்டன் பாதைக் கணக்கு ஒன்றைச் சோதனைக் குழாயில் டி.என்.ஏ. இழைகளைக் கொண்டே தீர்த்தார் என்று வகுப்பில் கேட்டேன். அதில் 7 ஊர்கள், 14 ஒருவழிப் பாதைகள். எந்த ஊரையும் விடாமல், எந்த ஊருக்கும் இருமுறை போகாமல் வழி காண வேண்டும். எங்கள் சப்தஸ்தானத் திருவிழாவின் பல்லக்கும் ஏழூர் செல்வதால் இது மனத்தில் தங்கிவிட்டது. இழைகள் சரியான வழியை எப்படித் தேர்கின்றன? கணினிக்கு அடங்காத கணக்குகளுக்கும் இது உதவுமா?

பதில் – உயிர்த்தொழில்நுட்ப ஆசிரியர், தஞ்சாவூர்
இழைகள் எதையும் தேர்வதில்லை. எல்லா வழிகளும் ஒருசேர உருவாகின்றன. வேண்டாதவற்றை நாம்தான் கழிக்கிறோம். உங்கள் ஏழூரையே கொள்வோம். ஒவ்வோர் ஊருக்கும் 20 எழுத்துள்ள இழை ஒன்று (டி.என்.ஏ.வின் எழுத்துகள் A, T, G, C என நான்கு). திருப்பழனத்திலிருந்து திருச்சோற்றுத்துறைக்குச் செல்லும் பாதை, முன்னதன் பின்பாதியும் பின்னதன் முன்பாதியும் சேர்ந்த இழை. தொடக்க ஊருக்கும் முடிவு ஊருக்கும் மட்டும் முழு எழுத்தும் வரும். ஊரின் எதிரிணை இழை (A-க்கு T, G-க்கு C என எழுத்துக்கு எழுத்து இணைந்து ஒட்டுவது) அடுத்தடுத்த இரு பாதைகளை அருகருகே பிடித்துக்கொள்ள, லைகேஸ் நொதி அவற்றை ஒட்டிவிடுகிறது.

பிறகு, திருவையாற்றில் தொடங்கித் தில்லைஸ்தானத்தில் முடியும் இழைகளைப் பி.சி.ஆர். என்னும் படியெடுக்கும் முறையில் பெருக்கி, ஜெல்லில் மின்சாரம் செலுத்தினால், குட்டை இழை முன்னே ஓட நெட்டை இழை பின்தங்கும்; ஏழூருக்கும் சேர்த்து 140 எழுத்துள்ள இழைகள் நிற்கும் பட்டையை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். அதிலும் ஓரூரில் இருமுறை நுழைந்து வேறோர் ஊரை விட்ட வழி இருக்கக்கூடும். ஆகவே ஊருக்கு ஊர் அதன் எதிரிணையைத் தாங்கிய காந்த மணிகளால் பிடித்து, ஒட்டாதவற்றைக் கழுவிவிடுகிறோம். களத்தில் நெல் தூற்றுவது போன்ற வேலைதான், ஆனால் இங்கே பதர் கண்ணுக்குத் தெரியாது. ஏடில்மனுக்கு ஆய்வகத்தில் ஏழு நாள் பிடித்தது.

பதில் – நிரலாளர், கும்பகோணம்
பெரிய கணக்குகளுக்கு உதவுமா என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எல்லா வழிகளையும் உருவாக்குவதால் காலம் மிச்சமாகிறது. அந்தச் சுமை முழுவதும் பொருளின் எடையாக மாறிவிடுகிறது. 200 ஊர்களுக்கு இம்முறையில் வேண்டிய டி.என்.ஏ. பூமியைவிட அதிக எடை கொண்டதாக இருக்கும் என்று கணினி அறிவியலாளர் ஹார்ட்மானிஸ் 1995இலேயே கணக்கிட்டுக் காட்டினார். 2002இல் ஏடில்மன் குழு உண்மை அல்லது பொய் என இரண்டில் ஒன்றாகும் 20 மாறிகள் கொண்ட தருக்கக் கணக்கைத் தீர்த்தது, அதாவது 10,48,576 சாத்தியங்களிலிருந்து ஒரே விடையைக் கண்டெடுத்தது. அரிய சாதனைதான், ஆயினும் அதே கணக்கு இன்றைய கைப்பேசிக்கு நொடிப்பொழுது வேலை.

கேட்டவர்
மிக்க நன்றி ஐயா. ஏழூருக்கும் 20 எழுத்து இழைகளைத் தாளில் அமைத்துப் பார்க்கவிருக்கிறேன். எதில் கவனம் வேண்டும்?

பதில் – உயிர்த்தொழில்நுட்ப ஆசிரியர், தஞ்சாவூர்
ஓரூரின் எழுத்து வரிசை இன்னோர் ஊரின் எதிரிணையோடு நெருங்கி ஒத்திருக்கக் கூடாது; ஒத்தால், இல்லாத பாதை ஒட்டிக்கொள்ளும். இழை தன் மீதே மடிந்து ஒட்டாமலும், ஏழும் தத்தம் எதிரிணையிலிருந்து ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் பிரியுமாறும் அமைத்துக்கொள்ளுங்கள். முதலில் திருவேதிகுடி, கண்டியூர் இரண்டை மட்டும் எழுதி, ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.