கொள்ளிக்குடம் மகளின் உரிமையா, சம்பிரதாயமா?

பினாங்குக்காரி:
போன மாதம் அப்பா தவறிவிட்டார். எங்களுக்கு அண்ணன் தம்பி கிடையாது, நானும் தங்கச்சியும்தான். பத்து லஞ்சாங் மயானத்தில் நான்தான் குடம் எடுத்தேன். முதல் சுற்று முடிந்து, ஓட்டை போட்டுத் தண்ணீர் வழிய ஆரம்பித்ததும் சித்தப்பா வந்து குடத்தை வாங்கித் தன் மகன் தோளில் வைத்துவிட்டார். அவன் எங்கள் அப்பாவோடு பேசியே இரண்டு வருடம் இருக்கும். என் பஞ்சாபி சூட் தோள்பட்டையெல்லாம் ஈரம், அப்படியே நின்றேன்.

பதினாறாம் நாள் காரியத்தன்று கேட்டேன், மகளுக்கு உரிமை இல்லையா என்று. "மனித உரிமையெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கும்மா, நமக்குன்னு கலாசாரம் இருக்கு" என்றார். அதில் நியாயம் இருக்கிறதா? சண்டைக்கு இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

ஜெலுத்தோங் வாத்தியார்:
பாதி நியாயம் இருக்கிறது, தங்கச்சி. 1948 டிசம்பர் 10 அன்று பாரிசில் ஐநா மனித உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியபோது 48 நாடுகள் ஆதரித்தன, 8 நாடுகள் ஆதரிக்கவும் இல்லை எதிர்க்கவும் இல்லை. மலாயா அப்போது பிரிட்டிஷார் கையில். நம்மை யார் கேட்டார்கள்? ஆனால் முதல் பிரிவில் 'ஆண்கள்' என்றும் பொருள்படும்படி இருந்த சொல்லை விடாப்பிடியாக நின்று 'மனிதர்கள்' என்று மாற்ற வைத்தவர் ஹன்சா மேத்தா. இந்தியா அனுப்பிய பிரதிநிதி, குஜராத்திப் பெண்மணி. சித்தப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

செந்தூல் மணி:
எல்லாவற்றுக்கும் ஐநாவைக் கூப்பிட வேண்டுமா? 1993-இல் ஆசிய அரசுகள் பாங்காக்கில் கூடி, உரிமைகள் உலகப் பொதுதான், ஆனால் அந்தந்த இடத்து வரலாறு, பண்பாடு, மதம் இவற்றையும் பார்க்க வேண்டும் என்று எழுதின. தண்ணீர்மலை முருகன் கோயிலில் அலகு குத்துவதை வெளியாள் பார்த்தால் சித்திரவதை என்பான். நமக்குத் தெரியும், அது நேர்த்திக்கடன்.

பினாங்குக்காரி:
அலகு அவரவர் வேண்டிக்கொண்டு குத்துவது, அண்ணே. குடத்தை என் தோளிலிருந்து பிடுங்கினார்கள்.

ராணி அக்கா:
'நம்ம வழக்கம்' என்றால் எனக்கு அத்தைதான் ஞாபகம் வருவார். 1982 மார்ச் வரை மலேசியாவில் இந்து ஆம்பளை வழக்கப்படி இரண்டாம் தாரம் கட்டலாம். அத்தை முதல் தாரம். அப்புறம் சட்டம் அதை நிறுத்தியது. இன்றைக்கு எந்தச் சித்தப்பா அந்த வழக்கத்தைத் திருப்பிக் கேட்கிறார்? அது இருக்கட்டும், அம்மா என்ன சொன்னாங்கம்மா?

பினாங்குக்காரி:
அம்மா மயானத்துக்கு வரவில்லை அக்கா, அன்றைக்கு ஒன்றும் பேசவும் இல்லை. மறுநாள் அஸ்தி கரைக்கப் படகில் போனபோது பானையை யாரிடமும் கேட்காமல் என் மடியில் வைத்தார். சித்தப்பா கடலையே பார்த்துக்கொண்டு வந்தார்.