எல் அலமெய்ன்: இரு படைகளும் எப்படி வகுக்கப்பட்டன? நேரில் பார்த்ததை, கேட்டதை எழுதுங்கள்

கடலோடி:

அலெக்சாந்திரியாவில் வேலையில் இருந்தபோது ஒரு விடுமுறை நாளில் எல் அலமெய்ன் போனேன். கல்லறைகளைப் பற்றி இங்கே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அதை விடுகிறேன். என்னை விடாமல் துரத்துவது ஒரு வரைபடம். 1942 அக்டோபர் 23 இரவு, இந்த எகிப்துப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் தரப்புக்கும் ஜெர்மன்-இத்தாலியத் தரப்புக்கும் பெரும்போர் தொடங்கியபோது, எந்தப் படை எங்கே நின்றது என்று காட்டுவது.

பிரிட்டிஷ் பக்கம் படிக்கச் சுலபம். கடலோரத்திலிருந்து தெற்கே வந்தால் ஆஸ்திரேலியர், ஸ்காட்லாந்தின் ஹைலேண்டர்கள், நியூசிலாந்துக்காரர்கள், தென்னாப்பிரிக்கர், அப்புறம் ருவைசாத் மேட்டில் நம் நான்காம் இந்திய டிவிஷன். இவ்வளவும் தளபதி லீஸின் 30ஆவது கோர் (பல டிவிஷன்கள் சேர்ந்த படை). அதற்கும் தெற்கே கத்தாரா பள்ளம் வரை ஹாராக்ஸின் 13ஆவது கோர். டாங்கிகளின் பெரும்பகுதி பின்னால், லம்ஸ்டனின் 10ஆவது கோரில்.

எதிர்ப்பக்கம் வேறு மாதிரி. ஜெர்மன் பட்டாலியன், பக்கத்தில் இத்தாலிய பட்டாலியன் என்று மாறி மாறிக் கோத்திருந்தார்கள். டாங்கி டிவிஷன்களும் ஜோடி ஜோடியாக, ஜெர்மனியின் பான்சர் ஒன்று, இத்தாலிய டிவிஷன் ஒன்று: வடக்கே 15ஆவது பான்சரும் லிட்டோரியோவும், தெற்கே 21ஆவது பான்சரும் அரியேத்தேவும்.

பக்கத்தில் ஓர் இத்தாலியர் தன் மகனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அரியேத்தே என்று எழுதிய கட்டத்தில் விரல் வைத்தார். அப்படியே வடமேற்காக நகர்த்திக்கொண்டு போய் ஓரிடத்தில் நிறுத்தினார். பையன் ஏதோ கேட்டான், அவர் பதில் சொல்லவில்லை. நவம்பர் 4 அன்று சூழப்பட்டுவிட்டோம், டாங்கிகள் இன்னும் போரிடுகின்றன என்று வானொலியில் சொல்லிவிட்டு அந்த டிவிஷன் அழிந்தது உங்களுக்குத் தெரியும். பத்து நாள் அதைத் தெற்கிலேயே வைத்திருந்தது ஏன்? இருப்பதே குறைவு, அதையும் எதற்கு இரண்டாகப் பிரித்தார்கள்?

பழைய சவார்:

ராஜஸ்தானில் டாங்கிப் படையில் இருந்தவன். பயிற்சியின்போது ஓர் இரவு எரிபொருள் பவுசர் மணல் மேடுகளுக்குள் வழி தவறிவிட்டது. ஸ்குவாட்ரன் முழுக்க எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். பக்கத்து ஸ்குவாட்ரனுக்கு உதவிக்குப் போகச் சொல்லி ரேடியோவில் உத்தரவு வந்தது. டாங்கி இருக்கிறது, குண்டு இருக்கிறது, ஆள் இருக்கிறது. எங்கள் கமாண்டர் மைக்கைக் கையில் பிடித்தபடி ஒன்றும் சொல்லாமல் நின்ற அந்தச் சில நொடிகள் இன்றும் கண்ணில் நிற்கின்றன.

ஆகவே கடலோடியின் கேள்விக்கு ஒரே விடை, பெட்ரோல். எல்லா டாங்கிகளையும் நடுவில் நிறுத்தி, அடி விழும் இடத்துக்கு ஓட்டுவதுதான் பாடப்புத்தக முறை. 60 கிலோமீட்டர் போர்முனையில் அப்படி ஓட எண்ணெய் வேண்டும். இல்லாதவன் என்ன செய்வான்? அடி எங்கே விழுந்தாலும் பக்கத்தில் ஏதாவது இருக்கட்டும் என்று இரண்டாகப் பிரித்து நிறுத்துவான். அக்டோபர் 26 இரவு 21ஆவது பான்சரை ஜெர்மன் தளபதி ரோமல் வடக்கே கூப்பிட்டபோது, மறுபடி தெற்கே அனுப்ப எண்ணெய் கிடையாது என்று தெரிந்தேதான் கூப்பிட்டார். எண்ணெய் கொண்டுவந்த புரோசர்பினா கப்பல் அன்றுதான் தோப்ருக் அருகே தாக்கப்பட்டது.

சாப்பர் வீட்டுப் பேரன்:

நீங்கள் எல்லோரும் டாங்கியைப் பற்றியே பேசுகிறீர்கள். என் தாத்தா மதராஸ் சாப்பர்ஸ், அதாவது கண்ணிவெடி அகற்றும் பொறியாளர் படை. நான்காம் இந்திய டிவிஷனோடு ஆப்பிரிக்காவில் இருந்தவர். போரைப் பற்றி வாயே திறக்க மாட்டார். ஒருநாள் மட்டும், நாங்கள் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தபோது, ஒரு குச்சியை வாங்கிச் சாய்வாக மண்ணுக்குள் செலுத்திக் காட்டினார். நேராகக் குத்தக் கூடாது, சாய்த்துத்தான் குத்த வேண்டும், பக்கவாட்டில் தட்டுப்பட்டால் கையை எடுத்துவிடு என்றார். வேர்த்திருந்தது அவருக்கு. மாலை நேரம், வெயில்கூட இல்லை.

ஜெர்மானியர் புதைத்தது ஏறக்குறைய ஐந்து லட்சம் கண்ணிவெடிகள். போலந்துக்காரர்கள் கண்டுபிடித்த மின்கருவி வந்திருந்தது, ஆனால் எல்லாப் பாதைக்கும் போதவில்லை; மற்ற இடங்களில் பயனெட் கத்தியால் குத்திப் பார்ப்பதுதான். ஒரு டாங்கி போகும் அகலம், சுமார் 24 அடி. இரண்டு ஓரமும் வெள்ளை நாடா, விளக்கு. இப்படிச் சில பாதைகள் திறந்தால்தான் 10ஆவது கோர் வெளியே வர முடியும். அணிவகுப்புப் படத்தில் சாப்பர் கம்பெனிகள் சின்னப் பெட்டியாகக்கூட இருக்காது. எனக்கு அதுதான் வருத்தம்.

ஹெக்ஸ் பலகை:

பழைய சவார் அவர்களுக்கு: ஒரே விடை பெட்ரோல் என்பதை ஏற்க முடியாது. அடி எங்கே விழும் என்று ஜெர்மானியருக்குத் தெரியாது. பிரிட்டிஷார் வடக்கே டாங்கிகளின் மேல் லாரி மாதிரி கூடு போட்டு மறைத்தார்கள், தெற்கே போலிக் குழாய்ப் பாதை பதித்தார்கள். பெர்ட்ராம் என்ற ஏமாற்றுத் திட்டம். அதை நம்பியவன் தெற்கைக் காலியாக விடுவானா?

என் அனுபவம் சிறியது. நண்பர் வீட்டில் இந்தப் போரைப் பலகை விளையாட்டாக ஆடினோம். நண்பர் பிரிட்டிஷ் பக்கம். முதல் இரவிலேயே 30ஆவது கோரின் காலாட்படையும் 10ஆவது கோரின் டாங்கிகளும் ஒரே கட்டத்துக்குள் போய் அடைந்துவிட்டன. இதற்கு மேல் வைக்க விதி இடம் தராது. கையில் ஷெர்மன் டாங்கி வில்லைகளை வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் பலகையைச் சுற்றி வந்தார். நிஜப் போரில் மித்தெய்ரியா மேட்டில் நடந்ததும் அதுதான். ஒரே பாதை, இரண்டு கோர், இரண்டு தளபதிகள். முன்னால் நிற்கும் காலாட்படைத் தளபதி டாங்கி வரட்டும் என்கிறார், டாங்கித் தளபதி பாதை இன்னும் சுத்தமாகவில்லை என்கிறார். கடைசியில் பிரிட்டிஷ் படைத் தளபதி மாண்ட்கோமரி நடு இரவில் இருவரையும் கூப்பிட்டு உத்தரவு போட வேண்டியிருந்தது.

இனி இந்தப் படங்களைப் படிக்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். டிவிஷனை எண்ணாதீர்கள். இரு பக்கமும் 'டிவிஷன்' என்று போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது வேறு. பிரிட்டிஷ் ரெஜிமெண்ட் என்பது ஐம்பது டாங்கி அளவுள்ள ஒரு பட்டாலியன்தான். மூன்று ரெஜிமெண்ட் சேர்ந்தால் ஒரு பிரிகேடு. ஜெர்மன் பான்சர் ரெஜிமெண்ட் இரண்டு பட்டாலியன் கொண்டது, ஒரு டிவிஷனுக்கு அப்படி ஒன்றே ஒன்று. 15ஆவதில் 8ஆவது ரெஜிமெண்ட், 21ஆவதில் 5ஆவது. பெயரைப் பார்த்து ஒப்பிட்டால் தலைகீழாகப் புரியும். அடுத்து, மொத்த எண்ணிக்கையை அப்படியே எடுக்காதீர்கள். ஆயிரத்துக்கு மேல் எதிர் சுமார் ஐந்நூறு என்று எல்லோரும் எழுதுவார்கள். அந்த ஐந்நூறில் பாதிக்கு மேல் இத்தாலிய டாங்கி, 47 மில்லிமீட்டர் பீரங்கி, ரிவெட் அடித்த தகடு. ஷெர்மனின் 75 மில்லிமீட்டர் முன்னால் அது எவ்வளவு நேரம் தாங்கும்? பிரிட்டிஷ் கணக்கிலும் அப்படித்தான். 250 ஷெர்மனை ஒதுக்கி வைத்துவிட்டு மீதியைப் பார்த்தால் கிராண்ட், குரூசேடர், ஸ்டூவர்ட், வாலண்டைன் எல்லாம் கலந்திருக்கும். மூன்றாவதாக, டாங்கியைக் கொன்றது பெரும்பாலும் டாங்கி இல்லை. டாங்கி எதிர்ப்புப் பீரங்கிதான்: ஜெர்மானியருக்கு 88 மில்லிமீட்டர், பிரிட்டிஷாருக்கு 6 பவுண்டர். ஸ்னைப் என்ற இடத்தில் டர்னரின் ரைஃபிள் பிரிகேடு பட்டாலியன் பத்தொன்பது 6 பவுண்டர் பீரங்கிகளோடு ஒரு நாள் முழுக்கத் தாக்குப்பிடித்ததைப் படியுங்கள். படத்தில் அந்தப் பீரங்கிகள் எங்கே இருக்கின்றன என்று முதலில் தேடுங்கள், டாங்கியை அப்புறம் பாருங்கள்.

பழைய சவார்:

பெர்ட்ராமை நான் மறுக்கவில்லை. ஆனால் ரோமல் சிகிச்சைக்குக் கிளம்பியது செப்டம்பர் 23. காப்பு ஏற்பாட்டின் சட்டகம் அதற்கு முன்பே அவர் வகுத்தது. போலிக் குழாய் தோண்ட ஆரம்பித்தது அவர் போன பிறகு. பிரித்து நிறுத்தியதற்குக் காரணம் ஏமாற்று வேலை இல்லை. பிரித்ததை வடக்கே சேர்க்கத் தயங்கினார்களே, அதற்கு வேண்டுமானால் அது காரணம். ரோமல் திரும்பும் வரை தளபதியாக இருந்த ஸ்டும்மே அக்டோபர் 24ஆம் தேதி மாரடைப்பில் இறந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யார் முடிவெடுப்பது என்றே ஒரு நாள் போய்விட்டது.

வெலிங்டன்வாசி:

ஹெக்ஸ் பலகை சொன்ன இரண்டு தளபதி விஷயத்துக்காகவே எழுதுகிறேன். நியூசிலாந்தில் முதியோர் பராமரிப்பில் வேலை செய்கிறேன். நான் கவனித்துக்கொண்ட ஓர் அம்மாவின் அப்பா 22ஆவது பட்டாலியனில் இருந்தவர். அதே 1942, அக்டோபர் போருக்கு முன், ஜூலை 15 விடியற்காலை, ருவைசாத். இரவு முழுக்கத் தாக்கி மேட்டைப் பிடித்துவிட்டார்கள். விடிந்ததும் பிரிட்டிஷ் டாங்கிகள் வந்து சேரும் என்பது ஏற்பாடு. பின்னாலிருந்து டாங்கி ஓசை கேட்டதாம். வந்துவிட்டார்கள் என்று ஒருவன் எழுந்து நின்று கையை ஆட்டினானாம். வந்தது ஜெர்மன் டாங்கி. இரவில் இவர்கள் கவனிக்காமல் பின்னால் விட்டுவிட்டு வந்த டாங்கி. பட்டாலியனின் பெரும்பகுதி கைதியானது. அந்த அம்மா இதைச் சொல்லும்போது கையைத் தூக்கிக் காட்டினார், அவன் எப்படி ஆட்டினான் என்று.

பிரிட்டிஷ் டாங்கிகள் பின்னால் இருந்தன. ஆனால் அவை வேறொரு தளபதியின் கீழ். நியூசிலாந்து பிரிகேடுத் தளபதி கிப்பன்பர்கர் தானே வண்டியில் திரும்பிப் போய், டாங்கி பிரிகேடைத் தேடிப் பிடித்து உதவி கேட்க வேண்டியிருந்தது. அதனால்தான் அக்டோபரில் நியூசிலாந்து டிவிஷன் தளபதி ஃப்ரைபர்க் தன் டிவிஷனுக்குள்ளேயே ஒரு டாங்கிப் பிரிகேடு வேண்டும் என்று நின்றார். 9ஆவது ஆர்மர்டு பிரிகேடு அப்படி வந்தது: 3ஆவது ஹுஸார்ஸ், ராயல் வில்ட்ஷயர், வார்விக்ஷயர் யோமன்ரி. சேர்ந்தே பயிற்சி எடுத்தார்கள். நியூசிலாந்தின் பெரணி இலைச் சின்னத்தை அந்த ஆங்கிலேயர்கள் தங்கள் டாங்கிகளில் தீட்டிக்கொண்டார்கள்.

நவம்பர் 2 விடியலில் தெல் எல் அக்காகிரில் எதிரியின் பீரங்கி வரிசையை நோக்கி 94 டாங்கிகளோடு போனது அந்தப் பிரிகேடுதான். எழுபதுக்கு மேல் போய்விட்டன. மாண்ட்கோமரி முழுதாக இழந்தாலும் பரவாயில்லை என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

அந்த அப்பா அப்போது கைதிகள் முகாமில் இருந்தார். ஊர் திரும்பிய பிறகு யாரோ இலைச் சின்னக் கதையைச் சொன்னபோது, பிரிட்டிஷ் டாங்கியா, எங்களுக்காகவா என்று கேட்டாராம். நம்ப வைக்க வெகு நாள் ஆயிற்று என்றார் மகள்.