பிக் பேங் எந்த இடத்துல நடந்துச்சு? விண்வெளி எதுக்குள்ள விரியுது?

சாட்ஸ்வர்த்காரி:
எல்லாருக்கும் வணக்கம். டிசம்பர் லீவுல கேப் டவுன் போற வழியில தொலைநோக்கி நிலையம் இருக்கற சதர்லாண்ட் ஊர்ல தங்கினோம், அங்க ராத்திரி வானத்த பாத்ததுல இருந்து என் மக கேள்வி மேல கேள்வியா கேட்டுட்டே இருக்கா. டர்பன்ல தெரு லைட்டுக்கு நடுவுல நாலஞ்சு நட்சத்திரம் தெரிஞ்சாலே பெருசு, அங்க என்னடான்னா தெக்குப் பக்கம் ரெண்டு வெள்ளைத் திட்டு தெரியுது, மேகம்னு நெனச்சோம், ஆனா காத்து அடிச்சும் கலையல, நட்சத்திரத்தோடயே சேந்து நகருது. அது என்ன? அப்புறம் முக்கியமா, விண்வெளி எங்க ஆரம்பிக்குது, அண்டம் பொறந்த பிக் பேங் நடந்த இடம் எந்தப் பக்கம் இருக்கு, அது வெடிக்கறதுக்கு முன்னாடி அந்த இடம் சும்மா காலியா கெடந்துச்சா? எங்க ஆயாவும் கூடவே உக்காந்து கேக்கறாங்க, அவங்களுக்கு தமிழ்ல சொன்னாத்தான் புரியும், அதனால இங்க கேக்கறேன்.

மிட்ராண்ட் தம்பி:
அக்கா, விண்வெளி எங்க ஆரம்பிக்குதுன்னா தரையில இருந்து 100 கிலோமீட்டர் மேல, கார்மன் கோடுன்னு சொல்வாங்க. டர்பன்ல இருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் போற தூரத்த விட கொஞ்சம்தான் ஜாஸ்தி, அவ்ளோ பக்கம்! அங்க சுவரோ வேலியோ ஒண்ணும் கெடையாது, காத்து கொறஞ்சுகிட்டே போகுது, நாமளா போட்டுக்கிட்ட கணக்குதான், அமெரிக்காவுல 80 கிலோமீட்டர்னு வெச்சிருக்காங்க. விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்துல சுத்துது, அங்க ஈர்ப்பே இல்லன்னு நெறைய பேர் நெனக்கறாங்க, தரையில இருக்கறதுல 90 சதவீதம் அங்கயும் இருக்கு, பூமிய சுத்தி விழுந்துகிட்டே இருக்கறதாலதான் மெதக்கறாங்க.
பிக் பேங் 1380 கோடி வருஷத்துக்கு முன்னாடி நடந்த பெரிய வெடிப்பு, அங்கருந்து எல்லாம் நாலா பக்கமும் தெறிச்சு ஓடுது.

கேப்டவுன் வாத்தியார்:
தம்பி சொன்ன வருஷக் கணக்கு சரி, ஆனா "அங்கருந்து தெறிச்சு ஓடுது"ங்கறதுல "அங்க"ன்னு ஒரு எடமே கெடையாதுப்பா. பன்னெண்டாம் கிளாஸ் பிள்ளைங்க வரைக்கும் இத வெடிகுண்டு மாதிரியே மனசுல வெச்சிருக்காங்க, பேரே அப்படி அமைஞ்சு போச்சு, அதனால இத கொஞ்சம் நிதானமா சொல்றேன்.
ஒளியாண்டுன்னா வெளிச்சம் ஒரு வருஷத்துல போற தூரம், கேலக்ஸின்னா கோடிக்கணக்கான நட்சத்திரங்க சேந்த கூட்டம். பத்து கோடி ஒளியாண்டு தூரத்துல இருக்கற கேலக்ஸி நம்மள விட்டு செகண்டுக்கு சுமாரா 2,100 கிலோமீட்டர் வேகத்துல விலகுது. இருபது கோடி ஒளியாண்டுன்னா கிட்டத்தட்ட அதுல ரெண்டு மடங்கு. தூரம் கூட கூட வேகமும் அதே கணக்குல கூடுது. 1927ல லமேத்ர், 1929ல ஹபிள்னு ரெண்டு விஞ்ஞானிங்க இத வெளியிட்டாங்க. சரி, அப்ப நாமதான் நடுவுல இருக்கோமான்னா இல்ல, அந்த தூரத்து கேலக்ஸில ஒருத்தர் உக்காந்து அளந்தா அவருக்கும் இதே கணக்குதான் வரும், நாமதான் அவர விட்டு ஓடற மாதிரி தெரிவோம். எல்லாருக்கும் ஒரே மாதிரி தெரியுதுன்னா நடுன்னு ஒண்ணு இல்லன்னுதான அர்த்தம். ஏற்கனவே இருந்த காலி எடத்துக்குள்ள சாமான் செதறல, எடமே நீளுது. அதனால "எதுக்குள்ள விரியுது"ன்னா, வெளிய ஒரு எடம் இருக்கணும்னு இந்தக் கணக்குக்கு அவசியமே இல்ல. பிக் பேங் எங்க நடந்துச்சுன்னு பாப்பா கேட்டா, நீ நிக்கற எடத்துலயும்தான்னு சொல்லுங்க, உண்மையிலயே அதுதான் பதில்.
இதுக்கு அத்தாட்சி 1964ல கெடச்சுது. பென்சியாஸ், வில்சன்னு ரெண்டு பேர் நியூஜெர்சில கொம்பு மாதிரி ஒரு ஆன்டெனாவ வெச்சு அளந்துகிட்டு இருந்தாங்க, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே இரைச்சல், பகல் ராத்திரி எந்த வித்தியாசமும் இல்ல. உள்ள புறா எச்சம் கெடந்துச்சு, அதையும் சுத்தமா தொடச்சு பாத்தாங்க, இரைச்சல் போகல. அண்டம் பொறந்து 3,80,000 வருஷத்துல வெளிய வந்த வெளிச்சம் அது, நீண்டு நீண்டு இப்ப மைக்ரோவேவா ஆயிடுச்சு, வெப்பம் மைனஸ் 270 டிகிரி. எல்லா தெசையில இருந்தும் சமமா வருது பாருங்க, ஒரே எடத்துல வெடிச்சிருந்தா அந்தப் பக்கத்துல இருந்து மட்டும்தான வரணும்? 1978ல நோபல் குடுத்தாங்க.
அந்த ரெண்டு வெள்ளைத் திட்டும் மெகல்லன் மேகங்கள், ரெண்டும் தனித்தனி கேலக்ஸி. பெரியது 1,60,000 ஒளியாண்டு தூரம், சின்னது 2 லட்சம். ரொம்ப வடக்க இருக்கறவங்களுக்கு இது தெரியவே தெரியாது, நம்ம பிள்ளைங்களுக்கு கெடச்ச கொடுப்பினை.

டோங்காட் தாத்தா:
நல்லா சொன்னீங்க வாத்தியாரே. எனக்கு ரெண்டு சந்தேகம். எடமே நீளுதுன்னா நம்ம வீடும் ஒடம்பும் ஏன் நீளல? இன்னொண்ணு, சிதம்பரத்த ஆகாயத் தலம்னு கும்பிடறோம், ஆகாயமும் பஞ்சபூதத்துல ஒண்ணு, வெறும் சூன்யமில்லன்னுதான் எங்க அப்பா சொல்லுவார். விஞ்ஞானத்துல அது வெறும் காலிதானா?

கார்னார்வன் கேபிள்காரன்:
தாத்தா, நான் மீர்காட்ங்கற ரேடியோ தொலைநோக்கி பக்கம் கான்ட்ராக்ட் வேலைக்கு போய் வர்றவன், அங்க இருக்கற இன்ஜினியருங்க கிட்ட கேட்டு கேட்டு தெரிஞ்சுகிட்டத சொல்றேன். காலின்னு ஒரு எடத்த காட்டவே முடியாது. பூமிய சுத்தி இருக்கற வெளியில ஒரு கன சென்டிமீட்டருக்கு சூரியன்ல இருந்து வர்ற துகள் ஒரு அஞ்சாறு இருக்கும், நட்சத்திரங்களுக்கு நடுவுல சராசரியா ஒரு அணு. கேலக்ஸிக்கும் கேலக்ஸிக்கும் நடுவுலதான் ரொம்ப கம்மி, ஒரு கன மீட்டர் முழுக்க தேடினாலும் ஒரு அணு இருந்தா உண்டு. ஆனா வாத்தியார் சொன்ன அந்தப் பழைய வெளிச்சம் மட்டும் எங்க போனாலும் கன சென்டிமீட்டருக்கு 400 ஒளித்துகளுக்கு மேல இருக்கு, இப்ப உங்க உள்ளங்கையிலயும் இருக்கு.
மீர்காட்ல 64 டிஷ், ஒவ்வொண்ணும் 13.5 மீட்டர் அகலம். ஹைட்ரஜன் அணு விடற 21 சென்டிமீட்டர் அலைய அதுங்க கேக்குது. ஒத்த அணு தானா ஒரு தடவ அந்த அலைய விட சராசரியா ஒரு கோடி வருஷம் ஆகுமாம், ஆனா கணக்கில்லாத அணு இருக்கறதால விடாம கேட்டுகிட்டே இருக்கு. அந்த ஹைட்ரஜன் அண்டம் பொறந்தப்பவே உண்டானது, நம்ம கொழாய்த் தண்ணில இருக்கறதும் அதேதான். அந்தச் சன்னமான அலைய கெடுத்துறக் கூடாதுன்னு போன ஆஃப் பண்ணிட்டுதான் நாங்க உள்ள போகணும், கம்ப்யூட்டர்ங்கள கூட தரைக்கு அடியில பங்கர்ல வெச்சிருக்காங்க.

கேப்டவுன் வாத்தியார்:
தாத்தாவோட முதல் கேள்விக்கு நான் சொல்றேன். கேலக்ஸிங்களுக்கு நடுவுல இருக்கற ரொம்பப் பெரிய தூரத்துலதான் இந்த நீட்சி ஜெயிக்குது. நம்ம ஒடம்ப அணுக்களோட பிணைப்பு புடிச்சு வெச்சிருக்கு, பூமியையும் சூரியனையும் ஈர்ப்பு புடிச்சு வெச்சிருக்கு, அதனால நீளாது. ஆண்ட்ரோமெடா கேலக்ஸி நம்மள நோக்கித்தான் வருது, ஈர்ப்பு அங்க ஜெயிக்குது. இன்னொண்ணு, இந்த விரிவோட வேகம் கூடிகிட்டு வருதுன்னு 1998ல கண்டுபுடிச்சாங்க. அதுக்கு காரணமான டார்க் எனர்ஜிதான் அண்டத்துல இருக்கற மொத்தத்துல 68 சதவீதம், கண்ணுக்கு தெரியாம ஈர்ப்பு மட்டும் காட்டற டார்க் மேட்டர் 27, நாம பாக்கற தொடற பொருள் எல்லாம் சேந்து 5. அந்த 68 என்னன்னு யாராலயும் இன்னும் சொல்ல முடியல. உங்க அப்பா சூன்யமில்லன்னு சொன்னதும் இயற்பியலும் ஒண்ணுன்னு நான் சொல்ல மாட்டேன், அவர் பேசினது வேற விஷயம், ஆனா வெறும் காலி இல்லங்கறது மட்டும் நிச்சயம்.

சாட்ஸ்வர்த்காரி:
ரொம்ப நன்றி எல்லாருக்கும், ஒவ்வொண்ணா ஆயாவுக்கு படிச்சு காட்டினேன். இப்ப அவங்க ஒண்ணு கேக்கறாங்க, இத்தன கோடி நட்சத்திரம் இருந்தும் ராத்திரி ஏன் இருட்டா இருக்கு?

கேப்டவுன் வாத்தியார்:
ஆயாவுக்கு என் வணக்கம், பெரிய பெரிய விஞ்ஞானிங்க மண்டைய ஒடச்சுகிட்ட கேள்வி இது. அண்டம் எல்லையில்லாம, ஆரம்பமே இல்லாம என்னைக்கும் இப்படியே இருந்திருந்தா எந்தப் பக்கம் பாத்தாலும் கடைசியில ஒரு நட்சத்திரத்துல போய் முட்டும், ராத்திரி வானமும் சூரியனாட்டம் எரியும். இருட்டா இருக்குன்னா அண்டத்துக்கு ஒரு ஆரம்பம் இருந்துச்சுன்னு அர்த்தம், ரொம்ப தூரத்து வெளிச்சம் இன்னும் நம்ம கிட்ட வந்து சேரல. வந்து சேந்த பழைய வெளிச்சமும் மைக்ரோவேவா நீண்டு போனதால கண்ணுக்கு தெரியல. பாப்பாவ மறுபடி சதர்லாண்ட் கூட்டிட்டு போனா முன்னாடியே புக் பண்ணிருங்க, ராத்திரில தொலைநோக்கி வழியா காட்டற டூர் இருக்கு, அமாவாசைய ஒட்டி போங்க.