எல்லாக் கதவுக்கும் ஒரே 5 விநாடியா? அக்சஸ் கன்ட்ரோல் அனுபவங்கள்

சென்னை, அலுவலகக் கட்டடப் பராமரிப்பு:

கார்டு காட்டித் திறக்கும் கதவுகளைப் பொருத்துபவர்கள், முதல் கதவுக்குக் கொடுத்த அமைப்பை அப்படியே மற்றக் கதவுகளுக்கும் நகலெடுத்துவிட்டுப் போவது வழக்கம். நான் பொறுப்பேற்ற கட்டடத்திலும் பூட்டு விடுபட்டிருக்கும் நேரம் எங்கும் 5 விநாடி, கதவு திறந்தே இருந்தால் அலாரம் ஒலிப்பதற்கு முன் தரப்படும் அவகாசம் எங்கும் 30 விநாடி என்றே இருந்தது. முகப்புக் கதவுக்கு அது பொருந்தியது. பின்புறச் சரக்குக் கதவிலோ, 20 லிட்டர் தண்ணீர் கேன்களைத் தள்ளுவண்டியில் கொண்டு வருபவர் அந்த நேரத்துக்குள் உள்ளே நுழைந்து கதவைச் சாத்துவது நடக்கிற காரியமே அல்ல. அலாரம் நாள் முழுவதும் அலறியதால் காவலர்கள் அதைக் காதில் வாங்குவதையே விட்டுவிட்டார்கள்; பிறகு யாரோ ஒருவர் மென்பொருளில் அந்தக் கதவின் அலாரத்தையே அணைத்து வைத்துவிட்டார். இரவில் அக்கதவுக்குச் செங்கல்லை முட்டுக்கொடுத்துத் திறந்து போட்டிருந்தாலும் கேட்பாரில்லை என்ற நிலை அப்படித்தான் வந்தது.

எங்கள் மென்பொருளில் இந்த அவகாசத்தைப் பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என மாற்ற வழியில்லை. ஆனால் குறிப்பிட்ட கார்டுகளுக்கு மட்டும் நீட்டித்த நேரம் தரும் வசதி இருந்தது. சக்கர நாற்காலியில் வருபவர்களை மனத்தில் வைத்துத் தரப்படும் வசதி அது. சரக்கு ஏற்றி இறக்குபவர்களின் கார்டுகளுக்கும் அதையே கொடுத்தோம். அவர்கள் வந்தால் பூட்டு 10 விநாடி விடுபட்டிருக்கும், கதவு இரண்டு நிமிடம் திறந்திருக்கலாம். மற்றவர்களுக்குப் பழைய கணக்குதான். அதன் பிறகே அலாரத்தை மீண்டும் இயக்கினோம்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது, கதவு மூடியவுடன் பூட்டு விழுமாறு செய்யும் தேர்வு. அது இல்லாவிட்டால், முதலில் வந்தவர் மூன்றாவது விநாடியிலேயே உள்ளே போய்க் கதவு சாத்திக்கொண்டாலும், மீதி நேரம் முழுவதும் பூட்டு விடுபட்டே இருக்கும்; பின்னால் வருபவருக்குக் கார்டே தேவைப்படாது. நேரத்தை நீட்டிக்கும் கதவுகளில் இதை மறக்கவே கூடாது.

எண்களில் கை வைக்கும் முன் கதவையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மின்காந்தத்தால் கதவைப் பிடித்து வைக்கும் மேக்னெட்டிக் லாக்கில், கதவில் இருக்கும் இரும்புத் தகடு ரப்பர் வளையத்தின் மேல் சற்றே அசைய வேண்டும். அதை அசையாதபடி இறுக்கி முறுக்கிவிட்டால் தகடு காந்தத்தோடு முழுப் பரப்பிலும் ஒட்டாது. பெட்டியில் பிடிப்பு விசை 280 கிலோ என்று அச்சிட்டிருந்தாலும், தோளால் இடித்தால் திறந்துவிடக்கூடும். இதை எந்த மென்பொருளும் சரிசெய்யாது.

கோவை, மருத்துவமனைப் பராமரிப்பு:

நண்பர் சொன்ன அலாரக் கதையின் மறுபக்கம் எங்களுக்கு நேர்ந்தது. மருந்துக் கிடங்கிலிருந்து யார் வெளியே வந்தாலும், கதவை உடைத்துத் திறந்ததாகத் திரையில் சிவப்பு எச்சரிக்கை விழுந்தது. அந்தக் கதவில் உள்பக்கக் கைப்பிடியைத் திருப்பினாலே பூட்டு விடுபட்டுவிடும். எக்ஸிட் பட்டனை அழுத்த வேண்டிய தேவையே இல்லை. ஆகவே ஒருவர் முறைப்படி வெளியேறுகிறார் என்ற செய்தி, கதவுகளை இயக்கும் கருவியான கன்ட்ரோலருக்குப் போய்ச் சேரவில்லை. பொருத்திய நிறுவனத்தார் கதவுக்கு மேலே அசைவை உணரும் சென்சாரை மாட்டி, அது ஆளைக் கண்டதும் பூட்டைத் திறக்குமாறு அமைத்துக் கொடுத்தார்கள். எச்சரிக்கை நின்றது, புதிய ஓட்டை ஒன்று பிறந்தது. கதவின் அடி இடுக்கு வழியாக வெளியிலிருந்து ஒரு அட்டையைச் செருகி ஆட்டினாலே சென்சார் ஏமாந்து கதவைத் திறந்துவிட்டது. இப்போது அந்தச் சென்சார் அலாரத்தை மட்டும் அடக்கும், பூட்டைத் தொடாது. உள்ளிருப்பவருக்குக் கைப்பிடி இருக்கும்போது, பூட்டைத் திறக்கும் அதிகாரம் சென்சாருக்கு எதற்கு?

நண்பரிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் கண்ணாடிக் கதவில் தண்டு இறங்கிப் பூட்டும் வகைப் பூட்டு உள்ளது. கதவு மூடும்போது சில சமயம் சட்டத்தில் மோதி நிற்கிறது. காரணம் என்னவாக இருக்கும்?

சென்னை, அலுவலகக் கட்டடப் பராமரிப்பு:

கதவு திறந்தவுடனேயே பூட்டு விழுமாறு அமைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள், ஐயா. மேக்னெட்டிக் லாக்கில் அதனால் தொல்லை வராது. காந்தத்துக்கு மின்சாரம் முன்பே வந்திருந்தாலும், தகடு வந்து சேர்ந்ததும் ஒட்டிக்கொள்ளும். தண்டுப் பூட்டிலோ கதவு வந்து சேரும் முன்பே தண்டு நீண்டுவிடும். மூடியதை டோர் சென்சார் உறுதிசெய்த பிறகே பூட்டும் தேர்வுக்கு மாற்றுங்கள்.

மதுரை, பாதுகாப்புக் கருவிகள் பொருத்துபவர்:

விடுமுறை அட்டவணையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. காலை 9 மணிக்கு வரவேற்பறைக் கதவு தானாகத் திறக்கும்படி அமைத்த ஓர் அலுவலகத்தில், தீபாவளி அன்று ஆளில்லாத கட்டடம் 9 மணிக்குச் சரியாகத் திறந்துகொண்டது. ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்றவற்றுக்கு ஆண்டுதோறும் என்ற குறியீட்டை இட்டுவிடலாம். தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் ஆங்கிலத் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். பொங்கல்கூட 14, 15 என்று இடம் மாறுவதுண்டு. தேர்தல் நாளும் மழை விடுமுறையும் முன்கூட்டி எந்த அட்டவணையிலும் ஏறுவதில்லை. ஆகவே நான் அமைக்கும் இடங்களில், 9 மணி ஆனாலும் அனுமதி பெற்ற முதல் ஆள் கார்டு காட்டும் வரை கதவு பூட்டியே இருக்க வேண்டும் என்ற விதியைச் சேர்த்துவிடுகிறேன். அட்டவணையை யாரும் திருத்தாமல் விட்டாலும் கட்டடம் தானாகத் திறக்காது.

தீ விபத்தில் கதவு திறப்பதை மட்டும் மென்பொருள் விதியாக எழுதி வைத்து நிம்மதியடைய வேண்டாம். தீ அலாரப் பலகையில் உள்ள ரிலே என்ற மின் சுவிட்ச், மேக்னெட்டிக் லாக்குக்குப் போகும் மின்சாரத்தை நேரடியாகத் துண்டிக்க வேண்டும். கன்ட்ரோலர் உறைந்து நின்றாலும் கதவு விடுபட வேண்டும். வேலையை ஒப்படைக்கும் நாளில் கன்ட்ரோலரை அணைத்து, பூட்டுக்கு மட்டும் மின்சாரம் இருக்கச் செய்து, தீ அலாரத்தை இயக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் கதவு திறக்கவில்லை என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.